கூப்பிட்டவன்

வீரணன்தான் முதலில். எப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் வீரணன்தான் முதலில் தொடங்கியது. அக்காளைக் கட்டியவன், மூத்த மச்சான், இதோ ஊன்றுகோலைத் தட்டித் தட்டி முன்னால் படியேறிப் போகிறானே, அவன். வாயைத் திறந்தால் சீலமுத்துவுக்கு "பாத்து வாங்க மச்சான், பாசியா இருக்கு" என்றுதான் வரும். மனசுக்குள் மட்டும் நாற்பது வருசத்துக்கு மேலாக அவன், இவன்தான். அந்த முதுகையே பார்த்துக்கொண்டு ஏறினார். சட்டைக்குள் முதுகு கூடு மாதிரி ஆகிவிட்டது. ஒரு காலத்தில் இதே முதுகு கல்பாசி மூட்டையைச் சுமந்துகொண்டு ஓட்டமாக இறங்கும். இப்போது ஐந்து படிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்குகிறது. நிற்கட்டும். எத்தனை தரம் நின்றாலும் சரி, மேலே போய்ச் சேர்ந்தால் போதும். ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமாம், அதுவும் அருவிக்குப் பக்கத்தில் வைத்துத்தான் சொல்ல வேண்டுமாம். செல்வராணிதான் போனில் சொன்னாள். "மாமா, அப்பாவ என்னோட திருப்பூருக்கே கூட்டிட்டுப் போயிறப் போறேன். இனி இந்தப் பக்கம் எங்க வரப்போறாரு. போறதுக்கு முன்னாடி நெட்டருவிய ஒருக்கா பாக்கணுமாம். உங்களையும் கூட்டியாரச் சொன்னாரு, ஏதோ ஒரு வார்த்தை சொல்லணுமாம்." என்ன வார்த்தையாம் என்று கேட்டதற்கு, "எனக்கென்ன தெரியும், மச்சானும் மச்சினனும் ஆயுசுக்கும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத் திரிஞ்சீக, இப்ப ஒரு வார்த்தைங்குறீக, நீங்களாச்சு அவராச்சு" என்று சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு. போனை வைத்த பிறகு சீலமுத்து மாட்டுக்குத் தண்ணி காட்டினார். பிறகு போய் முகம் மழித்துக்கொண்டார். வெளுத்த வேட்டியை எடுத்து வைத்தார். அது என்ன வார்த்தை என்று அவருக்குத் தெரியும். வேறு என்ன வார்த்தை இருக்கிறது வீரணனிடம், தனக்குத் தரவேண்டியது? நான்தான் கூப்பிட்டேன் மாப்ளே. அவ்வளவுதான். அதைச் சொல்ல ஒரு மனுசனுக்கு எத்தனை மூச்சு செலவாகும்.

பாதையெல்லாம் மாறிவிட்டது. அப்போது ஈஞ்சிமுள் கிழிக்கும் ஒற்றையடித் தடம். இப்போது வனத்துறை படி கட்டி, கம்பி போட்டு, வளைவுக்கு வளைவு பலகை நட்டு வைத்திருக்கிறது. கீழே வாசலில் தண்ணீர் பாட்டிலுக்கெல்லாம் ஒரு சீட்டு ஒட்டி அனுப்புகிறார்கள். ஆனால் வாடை மாறவில்லை. அழுகின இலையும் ஈரக்கல்லும் எங்கோ யானை கடந்து போன சாணமும் சேர்ந்த வாடை. அது மூக்கில் ஏறியதும் காலுக்குப் பழைய தடம் ஞாபகம் வந்துவிடுகிறது. படியை விட்டுவிட்டு ஓரத்து மண்ணைத் தேடுகிறது. முண்டக்கல் வந்தது. தலையில்லாத ஆள் குந்தியிருப்பது மாதிரி அதே கல்தான். அதன்மேல் யாரோ இதயப் படம் வரைந்து அம்பு விட்டிருந்தார்கள். முண்டக்கல்லைத் தாண்டினால் பெயர் கிடையாது. இந்த மலையில் பாசி சுரண்டப் போனவன், தேன் எடுக்கப் போனவன், கிழங்கு தோண்டப் போனவன் எவனானாலும் அந்தக் கல்லுக்குக் கீழே தன் பெயரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். மேலே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. ஊய் என்று குரல் கொடுக்கலாம். அருவிச் சத்தத்தில் குரல் எடுபடாத இடத்தில் கல்லோடு கல்லைத் தட்டலாம். ஒருதரம் தட்டினால் இருக்கிறேன், விடாமல் தட்டினால் வா. பெயர் மட்டும் ஆகாது. பெயர் காதில் விழுந்துவிட்டால் மலை அதை வைத்துக்கொள்ளும், வைத்துக்கொண்டால் ஒருநாள் அதுவும் கூப்பிடும், அது கூப்பிட்டால் திரும்பாதவன் கிடையாது. இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை. நெருப்பில் கை வைக்கக் கூடாது என்பது மாதிரி தெரியும். இப்போது பார், மேலேயிருந்து ஒரு கூட்டம் இறங்குகிறது, செல்போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஒருத்தி கத்துகிறாள்: "ஹரிணீ, ஸ்டெப்ஸ்ல ஓடாதடி! பிரவீண், அவள புடிடா!" சீலமுத்துவுக்கு முதுகுத்தண்டு சிலிர்த்தது. ஹரிணி. பிரவீண். எத்தனை பெயர் சேர்ந்திருக்கும் இந்த மலையிடம், இத்தனை வருசத்தில், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக. அவ்வளவையும் வைத்துக்கொண்டு பேசாமல் கிடக்கிறது. எதற்குக் கிடக்கிறது? அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லலாமா, தாயி, பேர் சொல்லாத தாயி என்று? கிழவனுக்குக் கிறுக்கு என்பாள். செல்வராணிகூட அப்படித்தான் சொல்வாள். அவள் பின்னால் முழங்கால் மூட்டைப் பிடித்துக்கொண்டு வருகிறாள். "மாமா, இன்னும் எம்புட்டுத் தூரம்? பஸ்ஸு கூட இப்படி மூச்சு வாங்காது." அவர் திரும்பி, "வந்துருச்சு தாயி, இந்த வளைவுதான்" என்றார். பெயர் சொல்லவில்லை. முன்னால் வீரணனும் முண்டக்கல்லில் இருந்து யார் பெயரையும் சொல்லவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தார். மகளைக்கூட "யாத்தே, வாறியா" என்கிறான். ஞாபகம் வைத்திருக்கிறான், கள்ளன். எல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறான். அது நல்லதுதான். ஞாபகம் இருந்தால்தானே சொல்லுவான்.

அன்றைக்கு மூன்று பேர். வீரணன், சீலமுத்து, காசி. காசி தம்பி, அக்காளுக்கும் இவருக்கும் அடுத்துப் பிறந்த கடைக்குட்டி, மீசை அப்போதுதான் கறுத்திருந்தது, சிரித்தால் வலது பக்கத்துச் சிங்கப்பல் தெரியும். கல்பாசிக்காக ஏறியிருந்தார்கள், கறிக்குழம்பில் வாசத்துக்குப் போடுகிற பாசி, அருவியின் சாரல் படுகிற பாறையிலும் மரப்பட்டையிலும் சாம்பல் பூத்த மாதிரி ஒட்டிக்கிடக்கும். வீரணன் அருவிக்கு இடது கைப் பக்கம், ஒரு மாமரத்தடியில். இவர் வலது கைப் பக்கம், பாறை இடுக்கில். நடுவில் காசி. நடுப்பாறையில் பாசி தடிப்பாக இருக்கிறதென்று அவன் மட்டும் தண்ணீரைத் தாண்டிப் போனான். நல்ல வெயில். அருவி அன்றைக்கு மெலிந்துதான் இருந்தது, பெண்பிள்ளை சடை மாதிரி. காசி குனிந்து குனிந்து முன்னால் போனான், சுரண்டுகிற கத்தி பளிச் பளிச் என்றது, இன்னும் கொஞ்சம் முன்னால், இன்னும் கொஞ்சம், பச்சைப் பாசி படிந்த விளிம்பு அவன் காலுக்கு முன்னால் இருப்பது இங்கேயிருந்து தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. சீலமுத்து ஒரு கல்லை எடுத்தார். தட்டத்தான் எடுத்தார். அந்தக் கல்லின் குளிர்ச்சி இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது, ஒரு பக்கம் மழுங்கல், ஒரு பக்கம் கூர். கையில் கல்லை வைத்திருக்கிறவன் எதற்கு வாயால் கூப்பிடுவான்? இதை ஒருத்தர் கேட்டாரா? அப்போது, அந்தக் குரல். காசீ. அருவி இரைச்சலையெல்லாம் கிழித்துக்கொண்டு. காசி திரும்பினான். யாருடா மலைமேல் பெயரைச் சொல்கிறது என்கிற அதிர்ச்சியில், உடம்பு முழுக்கத் திரும்பினான், சிங்கப்பல் தெரிந்தது, சிரித்தானா, பயந்தானா, கால் இருந்த இடத்தில் இல்லை. அவ்வளவுதான். பாறையில் ஆள் இல்லை. கத்தி மட்டும் அங்கேயே கிடந்து பளிச்சென்றது. கல்லைத் தட்டினாரா? எடுத்தது தெரிகிறது. ஓங்கினது தெரிகிறது. தட்டின சத்தம் மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. எத்தனையோ தரம் தேடிவிட்டார், ஏர் பிடிக்கும்போது, பீடி பற்றவைக்கும்போது, பெண்டாட்டியைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட. சத்தம் அருவியில் அமுங்கிப் போயிருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். தட்டாமல் எப்படி இருந்திருப்பார்.

கீழே தேன் எடுக்கிற கூட்டம் இருந்தது. மேலே ஒரு குரல் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை அவர்கள் கேட்டார்கள். யார் குரல் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. ஊருக்கு உடம்பைக் கொண்டுவந்து போட்டதும் எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி அதுதான், எவன் பேர் சொன்னது? ஆத்தா காசியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். சீலமுத்து வாயைத் திறப்பதற்குள் வீரணன் முந்திக்கொண்டான். அதுதான். அதுதான் முதல் தப்பு, அதற்கு மேல் நடந்ததெல்லாம் அதன் பிள்ளை குட்டிகள். "விடுங்க அத்தே, சின்னப்பய, தம்பி வழுக்கப் போறான்னு பதறிப்போயி வாயில வந்துருச்சு. அவன வையாதீக" என்றான். இவரைக் கைகாட்டி, எவ்வளவு இரக்கமாகச் சொன்னான். கண்ணில் தண்ணீர் வேறு. இல்லை என்று சொல்லத்தான் இவர் வாயைத் திறந்தார், குரல் வரவில்லை, தொண்டை கட்டிக்கிடந்தது. அன்று காலையிலிருந்தே தொண்டை சரியில்லை. முந்தின நாள் சுனைத்தண்ணீர் குடித்தது. அழுததில் வேறு கட்டியது. ஊர்க்காரன் ஒருத்தன், பேர் வேண்டாம், செத்துப்போனான், அவன் சொன்னான்: "கத்துன கத்துல தொண்டையே போயிருச்சு பாரு." கத்தினால்தான் தொண்டை போகுமா? சளி பிடித்தால் போகாதா? அன்றையிலிருந்து ஆத்தா அவர் பெயரைச் சொல்லவில்லை. சாகும்வரை. ஏய் என்பாள், பெரியவனே என்பாள், ஆள் இருக்கும்போதே மருமகளிடம் 'உன் புருசன் சாப்டானா' என்பாள். கடைசியில் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தபோது காதை அவள் வாயருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஒருதரம், ஒரே ஒருதரம் சீலமுத்து என்று சொல்லிவிட மாட்டாளா என்று. அவள் மகள் பெயரைச் சொன்னாள், காசி பெயரைச் சொன்னாள், வீரணனைக்கூட மருமகனே என்று தேடினாள். பெற்ற தாய், ஒரு பிள்ளையின் பெயர் வாயில் வராமலே போய்ச் சேர்ந்தாள். இதற்கெல்லாம் யார் பொறுப்பு? ஊன்றுகோலைத் தட்டித் தட்டி இதோ ஏறுகிறானே, அவன் பொறுப்பு. தான் கூப்பிட்டதை இரக்கம் மாதிரி எடுத்து இன்னொருத்தன் தலையில் சூட்டிவிட்டு, எத்தனை கல்யாணம், எத்தனை கிடாவெட்டு, முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பான்.

வளைவு திரும்பியதும் சத்தம் வந்து நெஞ்சில் முட்டியது. அருவி இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும் காலுக்கடியில் கல்லையே அதிர வைத்தது. கல்லால் கட்டின ஒரு மண்டபம், பக்கத்தில் மஞ்சள் பலகை, மண்டையோட்டுப் படம். செல்வராணி அங்கே தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். "எப்பா, என்னால இதுக்கு மேல ஒரு எட்டு வைக்க முடியாது. நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கனயே இருந்து பாத்துக்கிறேன். மாமா, அப்பா கையப் புடிச்சுக்கங்க, அவரு பாட்டுக்குப் போயிறப் போறாரு." சீலமுத்து பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தார். ஆழமான பகுதி. இது வரை பதினான்கு பேர் பலி. அவள் அதை வாசித்துவிட்டு, "பதினாலு பேரா, அடியாத்தி" என்றாள். காசி அந்தப் பதினாலில் இல்லை. பலகை நட்ட பிறகுதான் எண்ணத் தொடங்கியிருப்பார்கள். அவனுக்கு முன்னால் போனவர்களும் இல்லை. பலகைக்கு அந்தப் பக்கம் கம்பி வளைந்து கிடந்தது. போன மழையில் அடித்துப் போனதாம், பதிலுக்கு ஒரு நைலான் கயிறு கட்டியிருந்தார்கள். காவலாள் ஒருவன் விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பாறைமேல் நின்றான். "பெருசு, ரெண்டு பேரும் சீக்கிரம் பாத்துட்டுத் திரும்புங்க. மேல மலையில இருட்டிருக்கு. விசில் அடிச்சா நிக்காம வந்துரணும்" என்றான். மேலே பார்த்தார். உச்சிப் பக்கம் வானம் ஈயம் உருக்கி ஊற்றின மாதிரி இருந்தது. இங்கே ஒரு தூறல் இல்லை. இலை அசையவில்லை. வந்த வழியெல்லாம் குரங்குகள் இருந்தன, இந்த இடத்தில் ஒன்றுகூட இல்லை.

ஒரு கையால் கயிற்றைப் பற்றிக்கொண்டு மறுகையால் வீரணன் கையைப் பிடித்தார். மணிக்கட்டைத்தான் பிடிக்க முடிந்தது. கோழிக்கால் மாதிரி இருந்தது, இரண்டு எலும்பும் ஒரு நரம்பும், நரம்பு துடித்துக்கொண்டு. வீரணனின் கையை அவர் தொட்டு எத்தனை காலம். அக்காள் செத்த வீட்டில்கூட கை கொடுக்காமல் கும்பிட்டுவிட்டு வந்தார். இப்போது அந்த ஆளின் முழுப் பாரமும் இந்த மணிக்கட்டில்தான் தொங்குகிறது, ஒவ்வொரு அடிக்கும் இவர் பக்கம் சாய்கிறான், குழந்தை மாதிரி நம்பிச் சாய்கிறான். அருவி தெரிந்தது. கழுத்தை முறித்துப் பார்த்தாலும் தலை தெரியாத உயரம், வெள்ளையாக இறங்கி, பாதி வழியில் புகையாகி, மறுபடி தண்ணீராகி விழுகிறது. பார்த்துக்கொண்டே இருந்தால் தண்ணீர் விழவில்லை, பாறைதான் மேலே ஏறுகிறது என்று தோன்றும், கூடவே நாமும் ஏறுவது மாதிரி. பாறை ஈரம். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தது நல்லது. வீரணன் கழற்றவில்லை. ரப்பர் செருப்பு, தேய்ந்தது. சொல்லியிருக்கலாம், செருப்பைக் கழட்டுங்க மச்சான் என்று. ஏன் சொல்லவில்லை? மறந்துவிட்டது. இந்தக் கையை இப்போது கொஞ்சம் தளர்த்தினால், விட வேண்டாம், தளர்த்தினால், என்ன ஆகும் என்று ஒரு நினைப்பு வந்து குந்தியது, ஈ வந்து குந்துவது மாதிரி. துரத்தினார். மறுபடி குந்தியது. வயசான ஆள், தேய்ந்த செருப்பு, வழுக்குப் பாறை; யாரும் யாரையும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. பதினாலு பதினைந்து ஆகும். ச்சீ. வார்த்தை வரட்டும். வார்த்தை வருகிறவரைக்கும் இந்தக் கை பத்திரமாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு? அதற்குப் பிறகு என்று ஏன் நினைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. அருவியின் வெள்ளையில் ஒரு பழுப்பு நூல் தெரிந்தது. தெரிந்ததா? அடுத்த பார்வையில் இல்லை. காய்ந்த இலைகள் கொத்துக் கொத்தாக மிதந்து வந்து அவர் காலடிக் கல்லைச் சுற்றிக்கொண்டு போயின.

"இங்கன போதும் மாப்ளே," என்று வீரணன் நின்றான். நடுப்பாறைக்கு நேர் எதிர், கணுக்கால் அளவுத் தண்ணீரில். அவன் கன்னமெல்லாம் சாரல் வழிந்தது, அல்லது அழுகிறான், தெரியவில்லை. இவர் காதுப் பக்கம் வாயைக் கொண்டுவந்தான். மருந்து வாசமும் வெற்றிலையும் அடித்தது. சீலமுத்து காதைக் கொடுத்தார். வருகிறது. நாற்பது வருசம் நடந்து வருகிறது. "மாப்ளே, நான் போயிட்டா இதச் சொல்ல ஆள் கிடையாது. எனக்கும் நாள் இல்ல. அன்னைக்கி நீ கூப்பிட்டத நான் ஒருநாளும் தப்பா நெனைச்சதில்ல. தம்பி மேல உள்ள பாசத்துல வந்தது. என் மனசுல ஒண்ணுமே கெடையாது. மன்னிச்சுட்டேன்னு இந்தத் தண்ணிய வச்சு உங்கிட்டச் சொல்லிட்டுப் போயிரணும்னுதான் வந்தேன்." சொல்லிவிட்டுப் பாரம் இறக்கினவன் மாதிரி பெருமூச்சு விட்டான். சீலமுத்து அந்த முகத்தைப் பார்த்தார், ஒரு பொய்யையாவது அதில் பிடித்துவிட வேண்டும் என்று பார்த்தார். இல்லை. கண்ணுக்குள் ஒரு கல்மிசம் இல்லை. நம்புகிறான். சொல்லிச் சொல்லி அவனுக்கு உள்ளேயே அது உண்மையாகிக் கெட்டியாகிவிட்டது, சுண்ணாம்பு மாதிரி. "கூப்புட்டது நீங்க மச்சான்," என்றார். குரல் கரகரத்தது. வீரணன் தலையை ஆட்டினான், நோயாளியின் பிதற்றலுக்கு ஆட்டுவது மாதிரி. "கூப்புட்டது நீங்க! நான் கையில கல்லு வச்சிருந்தேன்!" வீரணன் இன்னொரு கையால் அவர் தோளைத் தட்டினான். "சரி மாப்ளே. சரிய்யா. நான்தான்னே வச்சுக்க. அதுல ஒனக்கு நிம்மதின்னா நானே கூப்புட்டதா இருக்கட்டும், எனக்கென்ன போச்சு இனி." வார்த்தை வந்துவிட்டது. அவர் இத்தனை வருசம் காத்திருந்த அதே வார்த்தை, ஆனால் பிச்சைக்காரன் தட்டில் போடுவது மாதிரி மேலேயிருந்து விழுந்தது. வச்சுக்க. இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஆத்தாளிடம் கொண்டுபோய்க் காட்ட முடியுமா?

விசில் அடித்தது. நீளமாக, நிறுத்தாமல். பாறைமேல் காவலாள் இரண்டு கையையும் வீசுவது தெரிந்தது, மண்டபத்தில் செல்வராணி எழுந்து நிற்பது தெரிந்தது. மேலே அருவி இப்போது வெள்ளையாக இல்லை, மண்ணும் வேருமாகப் பழுப்பாய் இறங்கியது; சத்தம் தடித்தது; கணுக்காலில் இருந்த தண்ணீர் முழங்காலைத் தொட்டது. "வா மாப்ளே, தண்ணி வருது, திரும்பு," என்று வீரணன் இழுத்தான். சீலமுத்து நகரவில்லை. ஒரு கையில் கயிறு, ஒரு கையில் அந்த மணிக்கட்டு. இவன் போய்விட்டால் யாரிடம் கேட்பது? விட்டுவிட்டால் தீராது. பிடித்துக்கொண்டு கரை சேர்த்தால் நாளைக்குத் திருப்பூருக்குப் போய்விடுவான், அப்போதும் தீராது. "கைய விடுய்யா, நரம்பு வலிக்குது," என்றான் வீரணன். சீலமுத்து இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"இன்னொருக்கா சொல்லுங்க மச்சான். வச்சுக்கன்னு சொல்லாம சொல்லுங்க."

"எதச் சொல்ல?" என்றான் வீரணன், பயந்துபோய், உண்மையாகவே புரியாமல்.

விசில் விடாமல் அடித்தது. தண்ணீர் தொடைக்கு ஏறியது. சீலமுத்து காத்துக்கொண்டு நின்றார்.